காந்தம் பிறப்பித்த ஒளி

காந்தம் என்றதும் தீவுகளில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கப்பலின் திசைகாட்டி. சென்னைத் துறைமுகத்தை விட்டு வங்கக் கடலைக் கடந்து, இன்று ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேரை நோக்கி மாலுமிகள் கலம் செலுத்திய அந்த நாளில், கரை காணாத நீர்வெளியில் அவர்களுக்கு வழிகாட்டியது ஒரு சிறு காந்த முள்ளே அன்றோ? வழிகாட்டும் பொருளாக நாம் அறிந்த அதே காந்தம், சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து வேறொரு பணியையும் மேற்கொண்டது. அது ஒளியைப் பிறப்பிக்கலாயிற்று. அந்த ஒளி வீட்டு விளக்கின் ஒளி அன்று. பொருள்களுக்குள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நமக்கு அறிவிக்கும் எக்ஸ் கதிர் ஒளி.

இந்த ஒளியின் வரலாறு, வீண் என்று தள்ளப்பட்ட ஒன்று எவ்வாறு விலைமதிப்பற்ற செல்வமாயிற்று என்பதன் வரலாறு ஆகும். குமரி மாவட்டத்து மணலுக்கும், நிக்கோபாரை அடுத்த ஆழ்கடலின் பாறைப் படிவுகளுக்கும் இவ்வரலாற்றோடு தொடர்பு உண்டு. ஆதலின், தொலைவிலுள்ள ஆராய்ச்சிக் கூடங்களின் செய்தி என்று இதனை நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

எக்ஸ் கதிரை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் கண்டறிந்தார். எலும்பு முறிவைக் காட்டும் கருவியாகவே அது முதலில் உலகில் பரவிற்று. 1912-இல் லவே என்னும் அறிஞரின் யோசனைப்படி அக்கதிர் ஒரு படிகத்தினூடே செலுத்தப்பட்டபோது, மறுபுறத்துத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் தோன்றின. படிகத்துள் அணுக்கள் வரிசை வரிசையாக நின்று கதிரைச் சிதறடித்தமையால் ஏற்பட்ட கோலம் அது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிராக் என்னும் தந்தையும் மகனும் அந்தப் புள்ளிக் கோலத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு அறியும் வழியை வகுத்தனர்.

தமிழகத்துக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு நெடியது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தத் தன்மை திசைக்குத் திசை வேறுபடுவதை மிக நுட்பமாக அளந்தவர். எக்ஸ் கதிர்ப் படிக ஆராய்ச்சியில் புகழ்பெற்ற காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாருடன் சேர்ந்து, காந்தத் தன்மைக்கும் மூலக்கூற்றின் அமைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1936-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம் தோலுக்கும் எலும்புக்கும் உரம் தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற கருத்தை 1954-இல் வெளியிட்டனர். இவையாவும் மங்கலான எக்ஸ் கதிர்க் குழாய்களைக் கொண்டு வளர்ந்த அறிவின் பயன்களே. அக்குழாயிலிருந்து கதிர் நாற்புறமும் சிதறுகிறது. பயன்படுவது ஒரு சிறு பங்கே. படிகம் மிகச் சிறியதாகவோ, அதன் மூலக்கூறு மிகப் பெரியதாகவோ இருந்துவிட்டால் பலமணி நேரம் காத்திருந்தும் தெளிவான கோலம் கிடைப்பது அரிது. மேலும் பிரகாசமான கதிர் வேண்டும் என்ற ஏக்கம் ஆராய்ச்சியாளரிடையே வளர்ந்துகொண்டே இருந்தது. அதைத் தீர்த்தவர்களோ, எக்ஸ் கதிரை நாடாத வேறொரு கூட்டத்தார்.

மின்னேற்றமுள்ள துகள் ஒன்று தன் நேர்வழியை விட்டு வளைந்தால் அது சக்தியை உமிழும் என்பது மின்காந்தக் கொள்கையின் முடிபு. பிரெஞ்சு அறிஞர் லியனார் 1898-இலேயே அதற்குச் சூத்திரம் அளித்துவிட்டார். மழைக்காலத்துச் சேற்றில் ஓடும் வண்டிச் சக்கரத்தை நாம் பார்த்திருக்கிறோம். சக்கரம் சுழலும்போது சேறு அதன் விளிம்பிலிருந்து நேராகத் தெறித்து ஓடுகிறது. வட்டப் பாதையில் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரானிலிருந்தும் இவ்வாறே ஒளி முன்னோக்கித் தெறிக்கிறது. ஆனால் நாற்புறமும் சிதறாமல், ஊசி போல் குறுகிய கற்றையாக எழுகிறது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் ஓடவிட்டு அவற்றின் சக்தியைப் பெருக்கும் யந்திரங்கள் உருவாயின. சின்க்ரோட்ரான் என்னும் யந்திரத்தின் அடிப்படைத் தத்துவத்தை 1944-இல் ரஷ்ய நாட்டு வெக்ஸ்லரும், 1945-இல் அமெரிக்க நாட்டு மக்மில்லனும் தனித்தனியே கண்டனர். அணுவின் கருவை ஆராய்வதே இந்த யந்திரங்களின் நோக்கம். இவற்றில் எலெக்ட்ரானை வட்டப் பாதையில் நிறுத்தி வைப்பது காந்தம். அக்காந்தம் வளைக்க வளைக்க, எலெக்ட்ரான் தன் சக்தியை ஒளியாக உமிழ்ந்து இழந்துகொண்டே இருக்கிறது. யந்திரம் அமைத்தோருக்கு இது பெருந்தொல்லை. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒத்த இந்த இழப்பு, துகளின் சக்திக்கு ஓர் எல்லை வகுத்துவிடும் என்று இவனென்கோவும் பொமெரான்சுக்கும் 1944-இல் எச்சரித்தனர். அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில், இந்த இழப்பினால் எலெக்ட்ரானின் பாதை சுருங்குவதை ஜான் பிளூவெட் 1946-இல் அளந்து காட்டினார்.

மறு ஆண்டில் அதே கூடத்தில் இயங்கிய சின்க்ரோட்ரான் 7 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுடையது. அதன் வெற்றிடக் குழாய் கண்ணாடியால் ஆனது. உள்ளே நடப்பது வெளியே தெரியும். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தடுப்புச் சுவருக்கு அப்பாலிருந்து கண்ணாடியில் பார்த்தவர்கள் குழாயினுள் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டனர். ஏதோ மின்பொறி தெறிக்கிறது என்றே முதலில் ஐயுற்றனர். பின்னர் சோதித்தபோது, எலெக்ட்ரானின் சக்தி மிக்கிருக்கையில் நீலவெண்மையாகவும், குறைகையில் மஞ்சளாகவும், மேலும் குறைகையில் சிவப்பாகவும் அது மாறிற்று. காந்தம் வளைத்ததால் பிறந்த ஒளியை மனிதன் தன் கண்ணால் கண்டது அதுவே முதல் முறை. சின்க்ரோட்ரான் ஒளி என்னும் பெயர் அன்று முதல் அதற்கு நிலைத்துவிட்டது.

கண்டுவிட்டார்களே அன்றி, உடனே பயன்படுத்தினார்கள் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வொளி பிறர் வீட்டில் ஒண்டியிருந்த விருந்தாளியின் நிலையிலேயே இருந்தது. அணுத்துகள் ஆராய்ச்சிக்காக யந்திரம் ஓடும்போது, சுவரில் ஒரு துளையிட்டு அதன் வழியே வரும் ஒளியைச் சிலர் பெற்றுக்கொண்டனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொம்போலியனும் ஹார்ட்மனும் 1956-இல் இவ்வாறு ஆராய்ந்து, இவ்வொளியின் தன்மை கொள்கையோடு ஒத்திருப்பதை நிறுவினர். ஒளிக்காகவே பயன்பட்ட முதல் சேமிப்பு வளையம், அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1968-இல் தொடங்கிய டாண்டலஸ். சேமிப்பு வளையமாவது, எலெக்ட்ரான்களை மணிக்கணக்கில் சுற்றவிட்டுக் காத்துவைக்கும் வெற்றிடக் குழாய் வளையம். 1972-இல் ஸ்டான்ஃபோர்டில் இயங்கத் தொடங்கிய ஸ்பியர் என்னும் வளையத்திலிருந்து எக்ஸ் கதிர் பெறும் ஏற்பாடும் சில ஆண்டுகளில் உருவாயிற்று. முன்பு தொல்லையாக இருந்த இழப்பு இப்போது பலரும் நாடி வரும் விளைபொருளாயிற்று.

இதுவரை நாம் கூறியது வளைக்கும் காந்தத்தின் கதை. அதன் பணி ஓட்டத்தை வளைப்பதே. ஒளி அதன் உடன்விளைவு. ஒளியைத் தருவதற்கென்றே ஒரு காந்தத்தை அமைத்தால் என்ன? இவ்வினாவை 1947-இல் ரஷ்ய அறிஞர் கின்ஸ்பர்க் எழுப்பினார். வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் மோட்ஸ் 1951-இல் அதனை விரிவாகக் கணக்கிட்டு, 1953-இல் தம் துணைவர்களுடன் ஸ்டான்ஃபோர்டில் செய்தும் காட்டினார். வட துருவம், தென் துருவம், மறுபடி வட துருவம் என்று மாறி மாறி அமைந்த காந்த வரிசை ஒன்றினூடே எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தினார்கள். ஒரு காந்தம் அதை இடப்புறம் தள்ளும். அடுத்தது வலப்புறம் தள்ளும். மொத்தத்தில் அது நேரே செல்லும். ஆனால் பாம்பு ஊர்வது போல நெளிந்து நெளிந்து செல்லும். ஒவ்வொரு நெளிவிலும் ஒளி பிறக்கும். இக்கருவிக்கு அண்டுலேட்டர் என்று பெயர்; நெளியச் செய்வது என்று பொருள் கொள்ளலாம்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. காந்தங்கள் விரல் பருமன் உடையவை. ஒரு முழு நெளிவின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பிறக்கும் ஒளியின் அலை நீளமோ அணுவின் அளவுடையது! இது எவ்வாறு இயலும்? எலெக்ட்ரான் ஒரு நெளிவில் ஓர் அலைமுகட்டை உமிழ்கிறது. அம்முகடு ஒளியின் வேகத்தில் முன்னே ஓடுகிறது. எலெக்ட்ரானும் ஏறத்தாழ அதே வேகத்தில் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அடுத்த நெளிவை அடைந்து அடுத்த முகட்டை உமிழும் நேரத்தில், முதல் முகடு அதைவிட இம்மியளவே முந்தியிருக்கும். அந்த இம்மியே அலை நீளம் ஆகிறது. 600 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலெக்ட்ரானாயின், மென்மையான காந்தப் புலத்தில், நெளிவின் நீளம் சுமார் 27 கோடி மடங்கு சுருங்கி ஒளியாக வெளிப்படும். 3 சென்டிமீட்டரை 27 கோடியால் வகுத்தால், ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கை ஒட்டி வரும். அணுக்களை அடையாளம் காண நமக்கு வேண்டிய எக்ஸ் கதிர் அளவு அதுவே.

இன்னொரு பயனும் உண்டு. நிக்கோபாரிகள் ஹோடி என்னும் தங்கள் ஓடத்தைப் போட்டியில் செலுத்தும்போது, துடுப்புகள் யாவும் ஒரே தாளத்தில் நீரைத் தொடுகின்றன. தாளம் தவறினால் ஆட்கள் எத்தனை பேர் இருந்தும் ஓடம் விரையாது. அண்டுலேட்டரில் ஓர் எலெக்ட்ரான் நெளியும் ஒவ்வொரு நெளிவிலும் பிறக்கும் அலைகள் இவ்வாறே ஒன்றோடொன்று தாளம் ஒத்து வலுக்கின்றன. நெளிவுகள் பத்து மடங்கானால், நேர் எதிரே கிடைக்கும் ஒளிச் செறிவு நூறு மடங்காகிறது. தாளம் ஒக்கவேண்டுமாயின் காந்தங்கள் எல்லாம் ஒரே வலிமையும் ஒரே இடைவெளியும் உடையனவாக இருத்தல் இன்றியமையாதது.

கொள்கை 1951-இல் தெளிவாகிவிட்டது. பின் ஏன் முப்பது ஆண்டு தாமதம்? காந்தமே காரணம். மின்சாரச் சுருளால் ஆன காந்தத்தை எடுத்துக்கொள்வோம். நெளிவு குறுகவேண்டுமானால் சுருளும் சிறுக்கவேண்டும். சிறுத்த கம்பியில் தேவையான மின்சாரத்தைச் செலுத்தினால் அது கொதித்துப்போகும். நிலைக்காந்தத்துக்கு இந்த இடர் இல்லை. அதைச் சிறிதாக வெட்டினாலும் அதன் முகத்தருகே உள்ள புலம் தளர்வதில்லை. ஆனால் அத்துணை வலிய நிலைக்காந்தம் அக்காலத்தில் கிடைக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்க விமானப் படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் கார்ல் ஸ்ட்ர்னாட் முதலியோர், அருமண் உலோகங்களைக் கோபால்ட்டுடன் கலந்தால் மிக வலிய காந்தம் கிடைக்கும் என்று கண்டனர். அவற்றுள் தலைசிறந்தது சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தம்.

அக்காந்தத்தை ஒளிக்குப் பணிசெய்ய வைத்தவர், பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஜெர்மானியரான கிளாஸ் ஹால்பாக். 1980-ஆம் ஆண்டை ஒட்டி அவர் வகுத்த அடுக்குமுறை எளியது. சிறு காந்தக் கட்டிகளை ஒரு வரிசையில் வைக்கும்போது ஒவ்வொரு கட்டியின் காந்தத் திசையையும் முந்தியதிலிருந்து கால் திருப்பம் திருப்பி வைத்தார். அவ்வாறு அடுக்கிய வரிசையில் ஒரு பக்கத்தின் புலம் ஓங்குகிறது. மறு பக்கத்தின் புலம் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. இத்தகைய இரு வரிசைகளை மேலும் கீழுமாகத் தாடைகள் போல எதிரெதிரே நிறுத்தி, இடையே எலெக்ட்ரானை ஓடவிட்டார்கள். தாடைகளை நெருக்கினால் புலம் வலுத்து ஒளியின் அலை நீளம் கூடும். விலக்கினால் அலை நீளம் குறையும். வீணை வித்துவான் தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டுவது போல ஆராய்ச்சியாளர் தமக்கு வேண்டிய கதிரைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்பியர் வளையத்தில் இவ்வகைக் கருவி பொருத்தப்பட்டு வெற்றி கண்டது.

பின்னர் ஹால்பாக், காந்தக் கட்டிகளுக்கு இடையே இரும்பும் கோபால்ட்டும் சரிபாதியாக, சிறிதளவு வனேடியம் சேர்ந்த கலப்புலோகத் துருவங்களைச் செருகி, புலத்தை மேலும் ஒழுங்கும் வலிமையும் உடையதாக்கினார். 1983-இல் ஜப்பானில் சகாவாவும், அமெரிக்காவில் குரோட்டும் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை அறிவித்தனர். அது இன்னும் வலியது. எனினும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் தாங்குவதில் சமேரிய கோபால்ட்டுக் காந்தமே மேம்பட்டது. ஆதலால் இரண்டுக்கும் இடம் உண்டு. நம் தீவுகளில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் புலம் அரை காஸுக்கும் குறைவு. இத்தாடைகளுக்கு இடையே நிலவும் புலமோ பல ஆயிரம் காஸ். தாடைகள் டன் கணக்கான விசையோடு ஒன்றையொன்று இழுக்கும். அவ்விழுப்புக்கு வளையாமல், மயிரிழையினும் நுண்ணிய அளவில் அவற்றை நகர்த்தவேண்டும். ஒவ்வொரு கட்டியையும் அளந்து, இதன் குறையை அது ஈடுசெய்யுமாறு தேர்ந்து அடுக்கவேண்டும். இக்கருவியின் அருமை அதன் மூலப்பொருளில் அன்று, இந்தக் கைத்திறனில்தான் பெரிதும் அடங்கியுள்ளது.

அண்டுலேட்டர்களுக்கென்றே நேரான இடம் விட்டு அமைத்த பெரு வளையங்கள் 1990-களில் எழுந்தன. பிரான்சின் கிரெனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள ஐரோப்பிய வளையம் 1994-இல் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்டது. சிகாகோவை அடுத்த ஆர்கானிலும், ஜப்பானின் ஹியோகோ மாகாணத்திலும் அவற்றினும் பெரிய வளையங்கள் தொடர்ந்து வந்தன. உடலின் புரதங்களையெல்லாம் உண்டாக்கும் ரைபோசோம் என்னும் பெரிய மூலக்கூற்றுத் தொகுதியின் அமைப்பை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கடராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். ஆர்கான் முதலிய வளையங்களின் கதிரைக் கொண்டே அவர் அந்த நுட்பத்தை எட்டினார். சென்னையில் ராமச்சந்திரன் தலைமுறைக்குக் கிட்டாத பிரகாசம் இவருக்குக் கிட்டியது.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. மத்தியப் பிரதேசத்து இந்தூரில் உயர் தொழில்நுட்ப மையம் 1984-இல் கால்கொண்டது. இப்போது அது ராஜா ராமண்ணாவின் பெயர் தாங்கி நிற்கிறது. அங்கே 45 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள இண்டஸ்-1 வளையம் 1999-இல் ஒளி தந்தது. 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள இண்டஸ்-2 வளையம் 2005-இல் ஒளி தரத் தொடங்கிற்று. அதன் சுற்றளவு சுமார் 172 மீட்டர். கற்றையை வளைக்க 16 காந்தங்கள், குவிக்க 72 காந்தங்கள், நிறவேறுபாட்டுக் குறை போன்றதொரு பிழையைத் திருத்த 32 காந்தங்கள் என அவ்வளையத்தில் காந்தங்கள் அணிவகுத்துள்ளன. 2015-ஆம் ஆண்டை ஒட்டி அண்டுலேட்டர்களும் அதில் பொருத்தப்படலாயின.

இவ்வொளியால் நம் தீவுகளுக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. வடக்கு அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில், 1988 முதற்கொண்டு, மழைக்காலத்தை அடுத்து ஒரு கொடிய காய்ச்சல் பரவிற்று. நுரையீரலில் இரத்தம் கசிந்து சிலர் இறந்தனர். அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயரிட்டனர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரின் வழியே மனிதரைப் பற்றும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியே அதற்குக் காரணம் என்பதை, போர்ட் பிளேரிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் 1990-களில் தெளிவாக்கினர். நாம் எலிக் காய்ச்சல் என்று வழங்குவது அதையே. அக்கிருமியின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் புரதம் ஒன்றின் அணு அமைப்பை, ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ் கதிர்ப் படிக முறையால் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். அவ்விரு நாடுகளும் சின்க்ரோட்ரான் ஒளி நிலையம் உடையவை. நோயின் பூட்டு எத்தகையது என்று தெரிந்தால்தானே மருந்தாகிய சாவியைச் செய்ய இயலும்? திக்லிப்பூரின் நெல்வயலில் இறங்கும் உழவனுக்கும் இவ்வொளிக்கும் உள்ள உறவு இதுவே.

இனி, காந்தம் பிறக்கும் இடத்தை நோக்குவோம். நியோடிமியமும் சமேரியமும் மோனசைட் என்னும் தாதுமணலில் கலந்திருக்கின்றன. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909-ஆம் ஆண்டில் மணவாளக்குறிச்சிக் கரையில் இந்த மணலை அடையாளம் கண்டவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர். அன்று மேலைநாட்டார் விரும்பியது அம்மணலில் உள்ள தோரியத்தை. காஸ் விளக்கின் வலைக்கூட்டுக்கு அது தேவைப்பட்டது. நியோடிமியத்தின் அருமை அன்று யாருக்கும் தெரியாது. விடுதலைக்குப் பின், 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றிற்று. 1952-இல் ஆலுவாயில் மோனசைட் ஆலை தொடங்கப்பட்டது. சமேரிய கோபால்ட்டுக் காந்தம் செய்யும் ஆலை விசாகப்பட்டினத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2023-இல். மணலைக் கண்டதற்கும் காந்தத்தைச் செய்ததற்கும் இடையே நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தூரம் இருப்பதை நாம் மறத்தலாகாது. மணலை விற்போன் பெறும் விலை வேறு, காந்தத்தை விற்போன் பெறும் விலை வேறு.

மணல் நம் கரையில் இருக்கிறது. கோபால்ட்டோ நம் நாட்டில் தனிச் சுரங்கமாக எடுக்கப்படுவதில்லை. இங்கேதான் நம் தீவுக் கடல் இவ்வரலாற்றினுள் நுழைகிறது. ஆழ்கடலின் அடியில் மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல் முதலியன சேர்ந்த உருண்டைகளும் பாறை மேல் படிந்த பட்டைகளும் உள்ளன. கவேஷணி என்னும் இந்திய ஆய்வுக் கப்பல் 1981-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று இந்துமாக்கடலின் அடியிலிருந்து இத்தகைய உருண்டைகளை எடுத்து வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மத்திய அரசு, கடலடிக் கனிமங்களுக்காக 13 பகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. அவற்றுள் 7 பகுதிகள் பெரிய நிக்கோபாரை ஒட்டிய அந்தமான் கடலைச் சேர்ந்தவை. அவை பல்லுலோக உருண்டைகளுக்கும் பட்டைகளுக்கும் உரியவை.

இதனை நடுநிலையோடு ஆராய்தல் நம் கடமை. ஒளி வளையங்களுக்காகவே கடல் அடி தேடப்படுகிறது என்று எண்ணுதல் பிழை. அவ்வளையங்களுக்கு வேண்டிய காந்தத்தின் நிறை மிகச் சிறிது. நியோடிமியக் காந்தங்களில் பெரும்பங்கு மின்சார மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் போகிறது. கோபால்ட்டில் பெரும்பங்கு மின்கலங்களுக்குப் போகிறது. கடலடிப் பட்டையோ பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்வது. ஒரு முறை அகற்றினால் மனித வரலாற்றின் கால அளவில் அது திரும்ப வராது. அதன் மேல் வாழும் உயிர்களின் இயல்பை நாம் இன்னும் முழுமையாக அறிந்தோம் இல்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உற்றாரையும் ஊரையும் இழந்து மீண்ட நிக்கோபார் மக்களுக்குக் கடல் வெறும் கனிமக் கிடங்கு அன்று. ஆகவே இது குறித்து எடுக்கும் முடிவில் அவர்களுடைய சொல்லுக்கு உரிய மதிப்பு வேண்டும்.

அதே வேளையில், கோபால்ட் எதற்குப் பயன்படும் என்பதையே அறியாது அம்மக்கள் முடிவு சொல்லும் நிலையும் கூடாது. பழைய வளையத்தைப் பிரித்து, 2020-இல் மீண்டும் திறக்கப்பட்ட கிரெனோபிளின் வளையத்தில், கற்றையை வளைக்கும் 128 காந்தங்கள் மின்சாரம் வேண்டாத சமேரிய கோபால்ட்டுக் கட்டிகளால் ஆக்கப்பட்டுள்ளன. அதனால் மின்சாரச் செலவு குறைந்தது, பிரகாசமோ பெருகிற்று. குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த பயன் விளைவிக்கும் வழியை அறிவு கண்டுகொண்டே இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தெறித்து வீணான ஒளியைச் செல்வமாக்கியது புதிய சுரங்கம் அன்று. சிறு காந்தங்களைத் திசை மாற்றி அடுக்கிய சிந்தனையே. மணவாளக்குறிச்சி மணல் நூறாண்டு காத்திருந்ததும் அத்தகைய சிந்தனையும் கைத்திறனும் நம் நாட்டில் வளர்வதற்காகவே. நிக்கோபார்க் கடலின் பட்டைகள் பல லட்சம் ஆண்டுகள் காத்திருந்தவை. நாம் கற்றுத் தேறி, நன்மை தீமைகளை எடைபோட்டு முடிவு செய்யும் வரை இன்னும் சில ஆண்டுகள் அவை காத்திருப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. அதற்குள் நம் தீவுகளின் பள்ளிகளிலிருந்து சில இளைஞராவது இந்தூரின் ஒளி வளையத்துக்குச் சென்று, காந்தத்தை அளக்கவும் அடுக்கவும் கற்று வருவாராயின், இக்கடலைப் பற்றிய பேச்சு எழும்போது நமக்காகப் பேச நம்மவரே இருப்பர்.